சிலாவிய, பால்கன் ஆய்வுப் பட்டறைகள்: ஒரு மதிப்பீடு

புலமை தனித்து வளர்வதோ கூடி வளர்வதோ என்னும் வினா தமிழிலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. ஆசிரியன் உரைத்ததை முற்றக் கொண்ட மாணாக்கனும் காற்பங்கே கற்றவனாவான் என்றும், உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் நன்னூலார் கணக்கிட்டனர். ஆசிரியர்க்கும் உடன் பயில்வார்க்கும் ஒத்த பங்கு வைத்த இக்கணக்கு ஊன்றி நோக்கத் தக்கது.

பண்டை நாளில் நூல் முடிந்தபின் அவையேறிற்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு விளங்க உரைக்கப்பெற்றது தொல்காப்பியம் என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறும். அரங்கேற்றம் என்பது முடிந்த நூலை அவை ஏற்கும் முறை. இக்காலப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் ஆய்வுப் பட்டறையோ முடியாத நூலை வேண்டி நிற்பது. கட்டுரை முன்னரே உறுப்பினர்க்கு அனுப்பப்படும்; எழுதியவர் அதனை அவையிற் படிக்கமாட்டார்; பிறர் ஒருவர் அதன் கருத்தையும் குறையையும் எடுத்துக் கூற, ஏனையோர் வினவுவர். கொல்லன் பட்டறையில் இரும்பு காய்ந்திருக்கும்போதே அடிக்கப்படும்; ஆறியபின் அடித்தால் அது வளையாது. பட்டறை என்னும் பெயர் இம்முறைக்குப் பொருந்துவது இதனாலேயாம்.

இத்தகைய கூட்டாய்வு எல்லாத் துறைக்கும் நன்று எனப் பொதுவாகக் கூறிவிடலாம். எனினும், சில துறைகளில் அது நன்மை தரும் வழக்கம் என்ற அளவில் நில்லாது, இன்றியமையா ஆய்வு நெறியாகவே அமைகின்றது. சிலாவிய மொழிகளையும் பால்கன் நாடுகளையும் பற்றிய ஆய்வு அவற்றுள் ஒன்று. அத்துறையின் வரலாற்றைக் கொண்டு, பட்டறை எப்போது பயன் தந்தது, எப்போது தவறிற்று என்பதை இக்கட்டுரையில் மதிப்பிட முயல்கின்றோம்.

பொருளின் இயல்பு

ஐரோப்பாவின் தென்கிழக்கில் அமைந்த பால்கன் தீபகற்பத்தில் வழங்கும் மொழிகள் பல. பல்கேரியம், மாசிடோனியம், செர்பியம் ஆகியவை சிலாவியக் கிளையைச் சார்ந்தவை. உரோமானியம் இலத்தீன் வழி வந்தது. அல்பேனியமும் கிரேக்கமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலேயே தனித்தனிக் கிளைகளாக நிற்பவை. துருக்கியமோ வேறு குடும்பத்தது. பிறப்பால் இவ்வாறு வேறுபட்ட மொழிகள் சில அமைப்புகளில் வியக்கத்தக்க ஒற்றுமை உடையனவாய் உள்ளன.

சான்று சில காட்டுவோம். குறித்த பொருளை வரையறுத்துச் சுட்டும் இடைச்சொல் இலத்தீனின் வழிவந்த பிற மொழிகளிற் பெயர்க்கு முன் வரும். உரோமானியத்திலோ பின் வரும். ‘ஓம்’ என்பது மாந்தன். ‘ஓமுல்’ என்பது குறித்த அந்த மாந்தன். பல்கேரியத்தில் ‘க்னிகா’ என்பது நூல். ‘க்னிகாதா’ என்பது குறித்த அந்நூல். அல்பேனியத்திலும் இவ்வுருபு பெயரின் இறுதியிலேயே ஒட்டும். நம் இலக்கணத்துச் ‘செய’ என்னும் வாய்பாட்டெச்சத்தை ஒத்த வினைவடிவம் இம்மொழிகள் பலவற்றில் மறைந்தோ அருகியோ போயிற்று. நான்காம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் ஓருருபினவாகக் கலந்தன. விரும்புதல் என்னும் பொருளுடைய வினை தேய்ந்து, கிரேக்கத்தில் ‘தா’ எனவும், பல்கேரியத்தில் ‘ஷ்டெ’ எனவும், அல்பேனியத்தில் ‘தோ’ எனவும் எதிர்காலங் காட்டும் சொல்லாயிற்று.

இவ்வொற்றுமையைச் சுலோவீனிய அறிஞர் கொப்பித்தார் 1829-ஆம் ஆண்டிலேயே கண்டு கூறினார். உருசிய அறிஞர் துருபெத்ஸ்கோய் 1923-இல் எழுதிய கட்டுரையிலும், 1928-இல் ஹேக் நகரில் நடந்த முதல் அனைத்துலக மொழியியலாளர் மாநாட்டிலும், பிறப்பாலன்றி அண்மையால் ஒத்த மொழிகளின் தொகுதி ஒன்று உண்டென வரையறுத்தார். தேனிய அறிஞர் சாண்டுபெல்ட் பால்கன் மொழியியல் பற்றித் தம் தாய்மொழியில் எழுதி 1926-இல் வெளியிட்ட நூல், 1930-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து இத்துறைக்கு அடிப்படையாயிற்று. இக்கருத்தின் வழிநின்றே எமனோ 1956-இல் இந்தியாவையும் ஒரு மொழிப்புலமாகக் கண்டு, திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் முண்டா மொழிகளும் ஒன்றையொன்று சார்ந்து ஒத்த திறத்தை ஆராய்ந்தார். ஆகலின் பால்கன் ஆய்வு தமிழாய்வாளர்க்குத் தொலைவான செய்தியன்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மேலே காட்டிய பண்புகளின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. பின்னொட்டாகிய சுட்டு கிரேக்கத்தில் இல்லை. அதன் சுட்டு பெயர்க்கு முன்னரே நிற்கும். செர்பியத்தின் பொதுவழக்கில் அப்பின்னொட்டு இல்லை. அதன் தென்கிழக்கு வட்டார வழக்குகளில் உண்டு. இவற்றை ஆராயப் புகுவார் ஐந்தாறு மொழிகளின் இன்றைய வழக்கையும் பழைய வழக்கையும், ஊர்ப்புற வழக்குகளையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் இரண்டில் வல்லவராகலாம்; மூன்றில் வல்லவராதல் அரிது. ஆய்பொருளே பலருக்குரியதாய் இருத்தலின் ஆய்வும் பலருக்குரியதாதல் வேண்டும்.

சிறிய சான்றொன்று இதனைத் தெளிவாக்கும். அல்பேனிய மொழியில் ‘மால்’ என்பது மலையைக் குறிக்கும். தமிழறிந்தார் இச்சொல்லைக் கேட்டவுடன் உவகை கொள்ளுதல் இயல்பு. அவ்வுவகையில் ஒரு கட்டுரை எழுதிவிடுதலும் கூடும். ஆயின், அல்பேனியம் வல்லார் ஒருவரும் உரோமானியம் வல்லார் ஒருவரும் அருகிருப்பின், உரோமானியத்தில் ‘மால்’ என்பது கரையைக் குறிப்பதையும், அவ்விரு சொற்களையும் அறிஞர் தம்முள் தொடர்புபடுத்தி அம்மண்ணின் பழைய மொழிநிலைக்குச் சான்றாக்குவதையும் எடுத்துரைப்பர். ஒலியொற்றுமை வேர் ஒற்றுமையாகாது என்னும் விதியை நூலிற் படிப்பது வேறு. தாம் எழுதிய பக்கத்தின்மேல் அவ்விதி வந்து நிற்கக் காண்பது வேறு. பட்டறையின் முதற்பயன் பிழை அச்சேறுமுன் தடுக்கப்படுதலாம்.

பிராக் வட்டம்

இந்நெறியைச் செவ்விதின் நடத்திக் காட்டியது பிராக் மொழியியல் வட்டம். 1926-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், சார்லசுப் பல்கலைக்கழகத்தில் வில்லெம் மத்தேசியஸ் தம் அறையில் யாக்கப்சன், ஹவ்ரானெக், திருங்கா, ரிப்கா ஆகியோரைக் கூட்டினார். செருமானிய அறிஞர் பெக்கர் ஐரோப்பிய மொழிகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்த, அவர்கள் அதனை ஆராய்ந்தனர். அறுவர் கூடிய அந்த மாலையே வட்டத்தின் தொடக்கமாயிற்று. மத்தேசியஸ் ஆங்கில மொழியாய்வாளர். ரிப்கா கீழைநாட்டு மொழிகளில் வல்லவர். யாக்கப்சன் மாசுகோவில் 1915-இல் எழுந்த மொழியியல் வட்டத்தில் பழகி வந்தவர். ஒரு துறையார் அல்லாதவர் ஒரு வினாவின்மேற் கூடினர் என்பது கருதற்பாலது.

மூன்றாண்டு கழித்து, 1929-இல், அனைத்துலகச் சிலாவிய அறிஞர் முதல் மாநாடு பிராக் நகரிலேயே நிகழ்ந்தது. வட்டத்தார் அம்மாநாட்டின்முன் தம் கொள்கைகளை ஒரு தொகுதியாக வைத்தனர். மொழியை அதன் பயன் நோக்கி ஓர் அமைப்பாக ஆராய்தல், ஒலியை அதன் வேறுபடுத்தும் தொழில் கொண்டு நோக்குதல், செய்யுள் மொழியின் தனித்தன்மையைக் காணுதல் ஆகியவை அவற்றுட் சில. அவை வட்டத்தின் கொள்கைகளாகவே வெளிவந்தன. ஒருவர் கருத்து மற்றொருவரால் திருத்தப்பட்டு, பின்னர் எல்லார்க்கும் பொதுவாயிற்று. இன்று நாம் ஒலியனியல் என வழங்கும் துறை அவ்வுரையாடல்களில் உருப்பெற்றதே.

இவ்வெற்றிக்குரிய காரணங்கள் மூன்று என்பர் நாம். கூடியோர் சிலர், கூடியது பலமுறை, எடுத்துக்கொண்ட வினா ஒன்று. ஆண்டுக்கொருமுறை நூற்றுவர் கூடி, ஆளுக்குப் பதினைந்து மணித்துளி படித்துப் பிரியும் கூட்டங்களில் இம்மூன்றனுள் ஒன்றும் இல்லை. அவற்றுக்கும் பயன் உண்டு. அறிமுகம் விளையும், செய்தி பரவும். ஆனால் கருத்து திருந்துவதில்லை.

வட்டத்தின் பின்வரலாறு துயருடையது. துருபெத்ஸ்கோய் வியன்னாவில் நாத்சி ஆட்சியின் காவலரால் அலைக்கழிக்கப்பெற்று 1938-இல் மறைந்தார். அவருடைய ஒலியனியல் நூல் 1939-இல் வட்டத்தின் வெளியீடாக வந்தது. நூலாசிரியர் மறைந்தபின்னும் நூல் மறையாதிருந்தமைக்கு அவரைச் சூழ்ந்த கூட்டமே காரணம். யாக்கப்சன் அவ்வாண்டே அந்நாட்டை விட்டு வெளியேறினார்.

களமே பட்டறையாதல்

பட்டறை என்பது நாற்காலியும் மேசையும் இட்ட அறை மட்டுமன்று. மில்மன் பாரி என்னும் அமெரிக்கர் ஓமரின் காப்பிய நடையை ஆராய்ந்து 1928-இல் பாரிசில் முனைவர் பட்டம் பெற்றார். தென்சிலாவிய வாய்மொழிக் காப்பியங்களைக் களத்திற் கண்டு ஆராய்ந்த மூர்க்கோ என்னும் பிராக் பேராசிரியர் அவ்வமயம் பாரிசில் இருந்தார். மெய்யே என்னும் மொழியறிஞர் அவரைப் பாரியின் ஆய்வேட்டுத் தேர்வுக்கு அழைத்து வந்தார். கிரேக்கம் வல்லார் ஒருவரும் சிலாவியம் வல்லார் ஒருவரும் எதிர்ப்பட்ட அச்சந்திப்பிற்குப் பின்னர், பாரி 1933-இலும் 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் அந்நாள் யுகோசிலாவியாவிற்குச் சென்று பாடகர்களைத் தேடலாயினார்.

ஆங்கு அவர் செய்த சோதனையொன்று பட்டறை முறைக்கே இலக்கணமாகத் தக்கது. பியெலோ பொல்யே என்னும் ஊரில் எழுத்தறியாப் பாடகர் அவ்தோ மெதெதோவிச்சு இருந்தார். மற்றொரு பாடகர் 2,294 அடிகளிற் பாடிய ஒரு கதையை அவரைக் கேட்கச் செய்து, அதனையே பாடுமாறு வேண்டினர். அவ்தோ அதனை 6,313 அடிகளாக விரித்துப் பாடினார். கதை அதுவே, பாட்டு வேறு. மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பித்தல் வாய்மொழிக் கவிதை என்று கருதியிருந்தார்க்கு, பாடுந்தொறும் பாட்டு புதிதாகப் பிறக்கின்றது என்பது கண்கூடாயிற்று. அவரே சொல்ல எழுதப்பெற்ற மற்றொரு காப்பியம் 12,311 அடிகளைக் கொண்டது. பாரி 1935-ஆம் ஆண்டின் இறுதியில் மறைய, அவர் மாணவர் ஆல்பர்ட்டு லார்டு அப்பணியைத் தொடர்ந்து, 1960-இல் தம் பெருநூலை வெளியிட்டார்.

இவ்விடத்து ஒரு குறையையும் சுட்டல் கடனாகும். இக்கொள்கை பாரி, லார்டு என்னும் இருவர் பெயரால் வழங்குகின்றது. பாடகரிடம் வினவியும், அவர் சொன்னவற்றை எழுதியும் உடனிருந்தவர் எர்சகோவினா நாட்டு நிக்கோலா வுய்னோவிச்சு. அவர் தாமே பாட வல்லவர். பாடகரின் பேச்சும் மரபும் அறிந்தவர். அவ்தோவின் நெடுங்காப்பியமும் அவர் கையால் எழுதப்பெற்றதே. அவர் பெயரோ துறைபோகிய சிலரே அறிவது. நிலத்தவர் சான்று தருவார், அயலவர் கொள்கை வகுப்பார் என்னும் பிரிவினை பட்டறைக்குள் புகுமாயின் அது பட்டறையாகாது. வினவத் தெரிந்தவர் ஆராயவும் தெரிந்தவரே.

லார்டின் நூல் வெளிவந்து எட்டாண்டுக்குள், 1968-இல், கைலாசபதியின் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் வெளிவந்தது. சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் விளைவாகக் காண அவர் இக்கொள்கையைத் துணைக்கொண்டார். தமிழ்ச் செய்யுளை உலகக் கவிதையோடு ஒருங்கு வைத்து நோக்கிய அம்முயற்சி போற்றத்தக்கது. எனினும், தென்சிலாவியப் பாட்டு பத்தசை கொண்ட அடிகளால் ஆயிரக்கணக்கில் விரியும் கதைப்பாட்டு. புறநானூற்றுப் பாட்டோ பெரும்பாலும் சில அடிகளில் முடியும் தனிப்பாட்டு. முன்னதில் வாய்பாட்டுத் தொடர்கள் பாடகன் விரைந்து பாட உதவுவன. பின்னதில் அவை அத்தொழிலே செய்வன எனத் துணிதற்கில்லை. பாணர் மரபை எழுத்தறிந்த புலவர் பின்பற்றிப் பாடியவை சங்கப் பாடல்கள் என்று ஆர்ட்டு பின்னர் வேறொரு விடை கூறினார். இருவர் கருத்தும் நூலிலிருந்து நூலுக்குச் சென்று மோதின. தென்சிலாவியப் பாட்டறிந்தாரும் தமிழ்ப் பாட்டறிந்தாரும் ஒரே மேசையில் இரு மூலங்களையும் விரித்து, அடிதோறும் ஒப்பிட்டு ஆராயும் பணி இவ்வழக்கிற்கு இன்றியமையாதது என்பது எம் கருத்து.

பெயரும் நாடும்

கூட்டாய்வின் பெரும்பகை அறியாமையன்று. நாட்டுப்பற்று ஆய்வுக்குள் நடுவராக அமர்தலே. சிலாவிய அறிஞர் மாநாடு 1934-இல் வார்சா நகரில் இரண்டாம் முறை கூடிற்று. மூன்றாம் மாநாடு 1939-இல் பெல்கிரேடில் நடைபெற இருந்தது. போர் மூண்டமையின் நடவாதொழிந்தது. 1958-இல் மாசுகோவில்தான் அடுத்த மாநாடு கூடிற்று. 1968 ஆகத்துத் திங்களில் பிராக் நகரில் ஆறாம் மாநாடு முடிந்த சின்னாட்களில் அந்நகர்த் தெருக்களில் அயற்படையின் பீரங்கி வண்டிகள் நின்றன.

மாநாட்டு மேடையினின்று நெடும்பணி ஒன்று பிறந்தமையையும் மறத்தலாகாது. சிலாவிய மொழிகள் அனைத்துக்கும் ஒரு மொழிநிலப்படத் தொகுதி வேண்டும் என்னும் கருத்தை மெய்யேயும் தெனியேயும் 1929-இல் வெளியிட்டனர். 1958-இல் அதனைச் செய்வதெனத் துணிந்தனர். எண்ணூறுக்கு மேற்பட்ட ஊர்களில், மூவாயிரத்துக்கு மேற்பட்ட வினாக்கள் கொண்ட பட்டியலால் வழக்குகள் திரட்டப்பெற்றன. முதல் தொகுதிகள் 1988-இல் வெளிவந்தன. கருத்துக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ அறுபதாண்டு. ஒலிக்குறியீட்டை ஒருமைப்படுத்தவும், ஒரே வினாவை எல்லா நாட்டாரும் ஒரே பொருளிற் கேட்கவும், பல நாட்டு அறிஞர் பன்முறை கூடிய சிறு கூட்டங்களே அப்பணியைத் தாங்கின. இதற்கும் இடர் வந்தது. மாசிடோனியம் தனிமொழியோ பல்கேரியத்தின் வழக்கோ என்னும் பூசலால், பல்கேரிய அறிஞர் ஒரு காலத்தில் இப்பணியினின்று விலகியிருந்தனர். நிலப்படத்தில் ஒரு நாட்டின் புள்ளிகள் இல்லையாயின் பிழைபடுவது அந்நாட்டின் பெருமை அன்று. அண்டை நாடுகளின் வழக்கைப் பற்றிய முடிபும் பிழைபடும்.

மொழிப்பெயர்ச் சிக்கல் அத்தோடு நிற்கவில்லை. செர்போ-குரோவாசியம் என முன்னர் ஒரு பெயரால் வழங்கியது, 1991-க்குப் பின் யுகோசிலாவியா சிதைந்தபோது செர்பியம், குரோவாசியம், பொசுனியம், மாண்டினீக்ரியம் என நான்கு பெயர்களைப் பெற்றது. பட்டறைக்கு அழைப்பு எழுதுவார் முதல் வரியிலேயே ஒரு பெயரைத் தேர்தல் வேண்டும். எப்பெயரைத் தேர்ந்தாலும் ஒருவர் புண்படுவர். நல்ல பட்டறைகள் இதனை மறைப்பதில்லை. பெயரை மேற்கொள்வார் அதற்குரிய காரணத்தையும் எல்லையையும் கூறிப் பின்னரே தரவுக்குச் செல்லும் மரபு வேண்டப்படுவது. பெயர்பற்றிய வழக்கைத் தீர்த்தல் பட்டறையின் தொழிலன்று. அவ்வழக்கு தரவைத் திரிக்காதபடி காத்தலே அதன் தொழில்.

கூடிப் பயின்றதன் பயன் எதிர்பாராத வகையிலும் வெளிப்படும். 1992 மே திங்களில் சாராயேவோ நகரின் கீழைநாட்டு ஆய்வு நிறுவனம் குண்டு வீச்சில் எரிந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகள் அழிந்தன. அவ்வாண்டு ஆகத்தில் அந்நகரின் தேசியப் பல்கலைக்கழக நூலகமும் எரிந்தது. முன்னர் ஆங்குச் சென்று பயின்ற அயல்நாட்டு அறிஞர் தம் ஆய்வுக்கென எடுத்துச் சென்ற நுண்படங்களையும் ஒளிப்படிகளையும் தேடித் திரட்டும் முயற்சி 1994-இல் தொடங்கிற்று. மூலம் எரிந்த சிலவற்றுக்கு அப்படிகளே எஞ்சின. தம் மூலங்களைப் பிறர்க்குக் காட்டாது பூட்டி வைத்த நிறுவனத்திற்கு இவ்வாய்ப்பும் இராது.

மதிப்பிடும் அளவுகோல்

மேற்கூறியவற்றால் ஓர் ஆய்வுப் பட்டறையை மதிப்பிட நான்கு வினாக்கள் போதும் எனத் தோன்றுகின்றது. எடுத்துக்கொண்ட பொருள் ஒருவரால் முடியாததா? கூடியோர் ஒரே மூலத்தைக் கண்முன் வைத்துப் பேசினரா? நிலத்தவர் சான்று தருவாராக மட்டுமன்றி ஆய்வாளராகவும் அமர்ந்தனரா? கூட்டத்தின் முடிவில் எவரேனும் தம் பக்கத்தில் ஒரு வரியை அடித்துத் திருத்தினரா? இவற்றுள் இறுதி வினாவே தலையாயது. படிக்கப்பெற்ற கட்டுரைகளின் தொகை பட்டறைக்கு அளவாகாது. திருத்தப்பெற்ற கருத்துகளே அளவாகும்.

இன்று இவ்வகைப் பட்டறைகள் பல ஆங்கிலத்தையே பொதுமொழியாகக் கொள்கின்றன. பல நாட்டார் உரையாட அது துணை செய்கின்றது என்பது உண்மை. ஆயின், பல்கேரியப் பாட்டையும் அல்பேனியப் பாட்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் வைத்து வழக்காடுவார் பின்னொட்டையும் அசையையும் காணார். கதையை மட்டுமே காண்பர். பேசும் மொழி ஒன்றாயிருப்பினும் மேசைமேல் இருக்கும் மொழிகள் பலவாதல் வேண்டும்.

தென்கிழக்கு ஐரோப்பிய ஆய்வுக்கென அனைத்துலகக் கழகம் ஒன்று 1963-இல் புக்காரெஸ்டில் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1966-இல் சோபியாவில் நிகழ்ந்தது. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964-இல் புதுதில்லியில் தோன்றியது; அதன் முதல் மாநாடும் 1966-இலேயே கோலாலம்பூரில் நிகழ்ந்தது. மாநாடு கூட்டும் ஆற்றலில் நாம் அவர்க்கு இளைத்தவர் அல்லேம். அறுவர் ஓர் அறையிற் கூடி, முடியாத ஒரு கட்டுரையை மாலை முழுதும் ஆராயும் பொறுமையில் அவர்பால் நாம் கொள்ளத்தக்கது உண்டு. நன்னூலார் உடன் பயில்வார்க்கு வைத்த காற்பங்கு ஆய்வாளர்க்கும் உரியதே. முனைவர் பட்டம் பெற்றார் அதனினின்று விலக்குப் பெற்றாரல்லர்.